பாதி செத்த இணைப்பை என்ன செய்வது?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கும் மேலே, 5,000 அடியைத் தாண்டிய உயரத்தில் சேர்வராயன் கோயில். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைக்கும் பாரத்நெட் திட்டத்தில் இந்த மலை ஊராட்சிகளும் சேர்த்திதான். மலைப்பாதையில் ஃபைபர் முழுதாக அறுந்தால் பெரிய குழப்பமில்லை; இரு முனையிலும் விளக்கு அணையும், ஆள் கிளம்பிவிடுவார். வம்பு, பாதி அறுந்தால்தான். பெரும்பாலான இணைப்புகளில் அனுப்ப ஓர் இழை, வாங்க ஓர் இழை. ஒன்று மட்டும் போனால், ஒரு முனை எல்லாம் நலமென்று நம்பிக்கொண்டிருக்கும். வளையமாக இணைத்த நெட்வொர்க்கில் இந்த நம்பிக்கை ஆபத்தானது. லூப் வராமலிருக்க ஸ்பானிங் ட்ரீ ஒரு போர்ட்டை அடைத்து வைத்திருக்கும். எதிர்முனையின் அறிவிப்பு நின்றால், பழைய ஸ்பானிங் ட்ரீயில் 50 விநாடிக்குள் அந்த போர்ட் திறந்துகொள்ளும். ஒரே செய்தி சுற்றிச் சுற்றிப் பெருகி மொத்த நெட்வொர்க்கும் திணறும்.

இந்த ஒருவழிப் பழுதைக் கண்டுபிடிக்க சிஸ்கோ உருவாக்கிய நெறிமுறைதான் யூ.டி.எல்.டி. ஒவ்வொரு போர்ட்டும் 'நான் இன்னார், என் காதில் விழுந்தவர்கள் இன்னின்னார்' என்று குறித்த இடைவெளியில் சொல்லும். எதிர்முனை சொல்லும் பட்டியலில் தன் பெயர் இல்லையென்றால், தன் பேச்சு அங்கே போய்ச் சேரவில்லை என்று பொருள், போர்ட் மூடப்படும். கிகாபிட் போர்ட்டுகளே ஒருவழிப் பழுதைக் கண்டுகொள்ளுமே, இது எதற்கு என்று கேட்கலாம். கண்டுகொள்ளும், இரண்டும் நேரடியாகப் பேசும்வரை. நடுவே ஒரு மீடியா கன்வர்ட்டர் இருந்தால், அது தன் ஒளியைத் தொடர்ந்து அனுப்பி ஸ்விட்சை ஏமாற்றிவிடும்.

சிக்கல், எதிர்முனை திடீரென மௌனமாகும்போது. யூ.டி.எல்.டி.யின் இரு முறைகளில், நார்மல் முறை நிலை தெரியவில்லை என்று குறித்துக்கொண்டு போர்ட்டை விட்டுவைக்கும். அக்ரெசிவ் முறை விநாடிக்கு ஒன்றாக 8 முறை கூப்பிட்டுப் பார்த்து, பதிலில்லையென்றால் மூடிவிடும். கடுமையானதே பாதுகாப்பு என்று எல்லாப் போர்ட்டிலும் அக்ரெசிவை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வளையத்தில் அது நியாயம். அங்கே செய்தி போக இன்னொரு பாதை இருக்கிறது, லூப் பயமும் உண்டு. கோயில் இருக்கும் உச்சி போன்ற இடத்துக்கு ஒற்றைக் கிளைதான் போகிறதென்றால் லூப்பே வராது. பாதி இணைப்பால் பயனில்லையே, மூடினால் என்ன என்பார்கள். உண்மையில் அறுந்திருந்தால் நஷ்டமில்லைதான். ஆனால் ஏதாவது ஒரு முனை ஸ்விட்ச் வேலைப்பளுவில் சிறிது நேரம் மௌனமானாலும் எதிர்முனை போர்ட் மூடிக்கொள்ளும். தானாக மீளும் வசதி, நாம் இயக்காதவரை, அணைந்தே இருக்கும். மேல்முனை மூடியிருந்தால் ஒருவர் மலையேற வேண்டியதுதான். எனவே கிளைக்கு நார்மல் முறையும் தானியங்கி மீட்பும் போதும். மீட்பு நேரம் வழக்கமாக 300 விநாடி. எப்படி வைத்தாலும் இரு முனையும் யூ.டி.எல்.டி. பேச வேண்டும். கீழே மட்டும் இயக்கினால் கேள்வி போகும், பதில் சொல்ல ஆளிருக்காது.