ஸ்காரப்: எகிப்தின் வண்டுத் தாயத்து

பண்டைய எகிப்தியரின் தாயத்துகளில் மிகுதியாகக் கிடைப்பவற்றுள் ஒன்று ஸ்காரப் எனப்படும் சாணவண்டு உருவம். பெரும்பாலும் கட்டைவிரல் நகத்தளவே இருக்கும். சாணத்தை உருட்டிச் செல்லும் வண்டில், சூரியனை வானில் நகர்த்தும் கெப்ரி தெய்வத்தை எகிப்தியர் கண்டனர். மண்ணில் புதைத்த உருண்டையிலிருந்து இளம் வண்டு வெளிவருவதால் அது மறுபிறப்பின் அடையாளமும் ஆனது.

ஸ்காரப் செய்ய அதிகம் பயன்பட்டது மாக்கல். எளிதில் செதுக்கலாம், நீலப்பச்சைப் பூச்சிட்டுச் சுட்டால் இறுகிவிடும். முதுகுப்புறம் தலையும் சிறகுறைகளும் கோடுகளாகத் தெரியும். தட்டையான அடிப்பக்கத்தில் எழுத்தோ சித்திரமோ இருக்கும். நீளவாக்கில் துளையிட்டு நூலிலோ மோதிரத்திலோ கோத்தனர். மத்திய அரசுக் கால அதிகாரிகள் தம் பெயரையும் பதவியையும் பொறித்து, களிமண்ணில் பதிக்கும் முத்திரையாகவும் இதைப் பயன்படுத்தினர்.

கி.மு. 14ஆம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் அமென்ஹோதெப் இதை அரசச் செய்தி ஏடாகவே மாற்றினார். உள்ளங்கை அளவில் செய்யப்பட்ட இந்த நினைவு ஸ்காரப்கள் 200க்கு மேல் கிடைத்துள்ளன. முதல் பத்து ஆண்டுகளில் மன்னர் தம் அம்பாலேயே 102 சிங்கங்களைக் கொன்றதாக ஒரு வகை அறிவிக்கிறது. எண்ணியவர்கள் அரண்மனைக்காரர்கள் என்பதை மறக்கலாகாது. இன்னொன்று, மித்தானி இளவரசி கிலுகெபா 317 பெண்களுடன் வந்து சேர்ந்ததைச் சொல்கிறது. புது மணப்பெண்ணைப் பற்றிய அந்த அறிவிப்பிலும் பட்டத்தரசி தியேயின் பெயரும் அவளுடைய பெற்றோர் பெயர்களும்தாம் முதலில் வருகின்றன. அவளுடைய செல்வாக்குக்கு வேறு சான்று தேவையில்லை.

இறந்தவர்களுக்கென இதய ஸ்காரப் தனியே இருந்தது. பச்சை நிறக் கல்லில் செய்து மம்மியின் மார்பில் வைத்தனர். மறுமையில் இதயத்தைத் தராசில் நிறுக்கும்போது அது உரியவருக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கூடாது என்ற மந்திரம் அடியில் இருக்கும்.

துட்டன்காமுன் கல்லறையில் கிடைத்த மார்பணி ஒன்றின் நடுவே மஞ்சட்பச்சை ஸ்காரப் உள்ளது. கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டர் அதைக் கால்செடனிக் கல் என்று கருதினார். 1990களில் நடந்த ஆய்வு அது லிபியப் பாலைவனத்தின் இயற்கைக் கண்ணாடி எனக் காட்டியது. அக்கண்ணாடி உருவாகி ஏறத்தாழ 2.9 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

அரசர் பெயரை மட்டும் நம்பி ஒரு ஸ்காரப்பின் காலத்தைக் கணிக்க முடியாது. மூன்றாம் துட்மோஸின் பெயர் காவல் தரும் எனக் கருதப்பட்டதால், அவர் இறந்து பல நூற்றாண்டுகள் வரை அப்பெயரைப் பொறித்துவந்தனர்.