காதுக்கு இமை இல்லை

சென்னை அண்ணா சாலையில் பச்சை விளக்கு எரிவதற்கு முன்பே பின்னால் நிற்கும் வண்டிகள் அத்தனையும் ஒரே குரலில் அலறும். அதைக் கேட்டவர்கள், "கிராமத்து ஜனங்கள் கொடுத்து வைத்தவர்கள்!" என்று பெருமூச்சு விடுவது வழக்கம். அவர்கள் ஒரு தடவை சோமனூர், பல்லடம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய் வரட்டும்!

அங்கே தெருவுக்குத் தெரு விசைத்தறி. இந்தப் பக்கம் ஓர் அடி, அந்தப் பக்கம் ஓர் அடி என்று நாடா ஓயாமல் பாய்கிறது. தறிக் கொட்டகைக்குள் பக்கத்தில் நிற்பவரோடு பேச வேண்டுமானால் கை ஜாடைதான். "பழகிப் போச்சுங்க" என்பார்கள். பழகியது மனசு, நேயர்களே, காது அல்ல!

நம் உட்செவியில் நத்தைக் கூடு போல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் முடி தாங்கிய உயிரணுக்கள் சுமார் 15 ஆயிரம். தலைமுடி கொட்டினால் தைலம் தேடி ஓடுகிறோமே, இந்த முடி போனால் போனதுதான், மறுபடி முளைக்காது. தினம் 8 மணி நேரம், வருஷக்கணக்காக 85 டெசிபல் சத்தத்தில் நின்றால் ஆபத்து என்பது வைத்தியர்களின் கணக்கு. தறிக் கொட்டகை அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். 10 டெசிபல் கூடினாலே ஒலியின் சக்தி 10 மடங்கு!

முதலில் மறைவது கீச்சென்ற மெல்லிய ஒலிகள். ஆகையால் செவி மந்தமானது அவருக்கே தெரியாது. பேரன் பேசுவது கேட்கிறது. என்ன சொன்னான் என்பதுதான் விளங்குவதில்லை. "இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாய்க்குள்ளேயே முனகுகின்றன" என்று பழி பேரன் தலையில் விழுகிறது.

தூக்கத்திலும் காது விழித்தே இருக்கிறது. நடுநிசியில் லாரி ஒன்று ஹாரன் அடித்தால் நீங்கள் எழுந்திருக்க மாட்டீர்கள். ஆனால் உங்கள் இருதயம் வேகமாக அடித்துக் கொள்ளும். இரத்த அழுத்தம் ஏறும். காலையில் காரணம் தெரியாமல் அசதி.

சட்டம் இல்லாமல் இல்லை. குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபலுக்கு மேல் கூடாது என்கின்றன 2000-ம் ஆண்டு விதிகள். இரவு 10 மணிக்கு மேல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கென்று அரசு தரும் சலுகைகூட நள்ளிரவோடு சரி. பட்டணத்துக்கு மட்டுமல்ல, பட்டிக்கும் இதே விதிதான். ஆனால் கொடைக்குக் குழாய் கட்டிய ஊரில் இதை யார் போய்ச் சொல்வது?

சொல்லாமலே அடங்கிய ஊரும் உண்டு. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் மிரளக்கூடாதென்று பல வருஷங்களாகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அதற்கு நன்றியாக வனத்துறையினர் ஊராருக்கு இனிப்பு வழங்குவதுண்டு.