கீரையை நாலு தண்ணியில் அலசினால் காரீயம் குறையும், காட்மியம்?

பட்டுக்கோட்டை சந்தையில் ஒரு கட்டு முளைக்கீரை வாங்குகிறீர்கள். வாடியிருக்கா, பூச்சி அரிச்சிருக்கா என்று புரட்டிப் பார்க்கலாம். ஆனால் அதில் கன உலோகம் இருக்கா என்பது கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

இந்தப் பயத்தைப் பெரிதாகக் கிளப்பியது பெங்களூரு. அங்குள்ள எம்ப்ரி என்ற அரசு ஆய்வு நிறுவனம் நகரக் கடைகளில் விற்ற காய்கறி, கீரைகளைச் சோதித்ததில், அனுமதித்த அளவைத் தாண்டி உலோகங்கள் இருந்தது 2023-ல் செய்தியானது. தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. ஆர்கானிக் கடைகளில் வாங்கிய மாதிரிகளும் அதில் அடக்கம். ஸ்டிக்கரை நம்பி இரட்டை விலை கொடுப்பவர்கள் கவனிக்க!

நம் நாட்டு விதிப்படி ஒரு கிலோ கீரையில் காரீயம் 0.3 மில்லிகிராம், காட்மியம் 0.2 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம். இரண்டும் கீரைக்குள் வரும் வழி வேறு வேறு.

காரீயம் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும். இலையில் இருப்பதில் பெரும்பங்கு மேலே படியும் ரோட்டுப் புழுதி. காரீயம் கலந்த பெட்ரோல் 2000-லேயே நின்றுபோனாலும், சாலையோர மண்ணில் அது இன்னும் கிடக்கிறது. நன்றாக அலசினால் இதில் கணிசமாகப் போய்விடும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது காரீயம் என்பதால், அந்த நாலாவது தண்ணி வீண் இல்லை.

காட்மியம்தான் வில்லங்கம். செடி இதைத் துத்தநாகம் போல நினைத்து, தண்ணீரோடு உறிஞ்சி இலைக்கே அனுப்பிவிடும். கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது. உடம்புக்குள் வந்தால் சிறுநீரகத்தில் 10 முதல் 30 ஆண்டுகள் வரை தங்கும். சாக்கடை, ஆலைக் கழிவுநீர் பாயும் நிலத்தில் இது அதிகம். டிஏபி போன்ற பாஸ்பேட் உரத்திலும் கொஞ்சம் வரும்.

அதனால் கடையில் கேட்க வேண்டிய கேள்வி, “எந்த ஊர் கீரைங்க, என்ன தண்ணி பாய்ச்சுறாங்க?” என்பதுதான். கல்லணைக் கால்வாய் தண்ணீரிலோ, ஊருக்கு வெளியே போர்வெல்லிலோ வளர்ந்த கீரையும், சாக்கடை ஓரத்தில் வளர்ந்த கீரையும் ஒன்றல்ல. ஒரே தோட்டத்துக் கீரையையே தினமும் வாங்காமல் மாற்றி வாங்குவதும் நல்லது.

பயந்துபோய்க் கீரையையே நிறுத்தினால்? இரும்புச்சத்து குறைந்த உடம்புதான் காட்மியத்தை அதிகமாக உறிஞ்சும். இதுதான் இதில் வேடிக்கை.

சந்தேகம் தீரவில்லை என்றால் சட்டத்தில் வழி இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 40-ன்படி, வாங்குபவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். தஞ்சாவூரிலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் உண்டு. சோதனைக்குக் கொடுக்கப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். மாதிரி விதியை மீறியிருந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.