நரம்பாகும் அணுவும் தோலாகும் அணுவும்

நரம்பு குறைந்தால் கேடு என்பதை எவரும் அறிவர். நரம்பு மிகுந்தாலும் உயிர் நில்லாது என்பதை உணர்த்தியது, கனிந்தழுகிய வாழைப்பழத்தை மொய்க்கும் பழ ஈயே ஆகும்.

1914ஆம் ஆண்டில் ஜான் டெக்ஸ்டர் என்னும் அமெரிக்க அறிஞர், சிறகின் ஓரம் வெட்டுண்ட பழ ஈக்களை விவரித்தார். அக்குறைக்குரிய மரபணு 'நாட்ச்' எனப் பெயர் பெற்றது; வெட்டு என்பது அச்சொல்லின் பொருள். கெட்டபோது தோன்றும் குறையைக் கொண்டே மரபணுவுக்குப் பெயரிடுவது ஈ ஆராய்ச்சியாளர் வழக்கம். ஆதலின், சிறகை வெட்டுவதே இதன் தொழில் என்று மயங்கிவிடாதீர்கள்.

வெட்டுச் சிறகு பெண் ஈக்களிடம் மட்டுமே காணப்பட்டது. காரணம் யாது? இம்மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதுற்றாலும் மற்றொன்று கைகொடுக்கும். ஆணுக்கோ ஒன்றே. அது பழுதுற்ற ஆண் முட்டையை விட்டு வெளிவருவதே இல்லை.

சிறகின்றியும் ஈ உயிர் வாழுமே. பின் கரு மாள்வானேன்? விடை கண்டவர் டொனால்ட் பௌல்சன். அக்கருக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1940இல் அவர் விரிவாக எழுதினார். வயிற்றுப்புறத்தில் தோலையே காணோம்! தோலாக வேண்டிய அணுக்களும் நரம்பாகிவிட்டிருந்தன.

இனி, இயல்பான கருவில் நிகழ்வதைக் காண்போம். முட்டையிட்ட சில மணி நேரத்தில், கருவின் மேற்படலத்தில் ஐந்தாறு அணுக்கள் கொண்ட சிறு குழுக்கள் அமைகின்றன. குழுவின் ஒவ்வோர் அணுவும் நரம்பாகும் தகுதி உடையதே. அத்தகுதியை அளிப்பவை 'அகீட்', 'ஸ்கூட்' முதலிய மரபணுக்கள். பின்னர் அணுக்களிடையே போட்டி எழுகிறது. ஓர் அணு தன் மேற்பரப்பிலுள்ள 'டெல்ட்டா' என்னும் புரதத்தால் அண்டை அணுவின் நாட்ச் புரதத்தைத் தொடுகிறது. தொட்டதும் நாட்ச் புரதத்தின் உட்பகுதி அறுபட்டு, உட்கருவை அடைந்து, நரம்பாகாதவாறு அந்த அண்டை அணுவைத் தடுக்கிறது. தடையுண்ட அணுவில் டெல்ட்டாவும் குறைகிறது. ஆகவே பிறவற்றைத் தடுக்கும் வலிமையையும் அது இழக்கிறது. தொடக்கத்தில் மயிரிழை அளவே இருந்த வேற்றுமை இவ்வாறு பெருகி, முடிவில் ஓர் அணு மட்டும் உள்ளிறங்கி நரம்புத் தாயணு ஆகிறது. ஏனையவை பெரும்பாலும் தோலாகின்றன. நாட்ச் இல்லையேல் தடுப்பார் இல்லை. எல்லா அணுக்களும் நரம்பாகிவிடும்.

தடையுண்ட அணு தன் தகுதியையே இழந்துவிட்டதோ? 1985இல் கிறிஸ் டோ, கோரி குட்மன் என்னும் இருவர், வெட்டுக்கிளிக் கருவில் புதிதாய்த் தோன்றிய தாயணு ஒன்றை லேசர்க் கதிரால் அழித்தனர். அண்டை அணுவொன்று அதனிடத்தில் தானே தாயணு ஆயிற்று! கருவியலில் இத்துணைத் தெளிவாக விடை தரும் சோதனைகள் சிலவே என்பது என் கருத்து.

மனிதரிடத்தும் நாட்ச் குடும்பத்து மரபணுக்கள் நான்கு உள. அவற்றுள் ஒன்று சிதைந்திருப்பது, இரத்தப் புற்று வகையொன்றில் 1991இல் அறியப்பட்டது. அங்கே நேர்ந்த கேடு இதற்கு நேர்மாறானது: எந்த அணுவும் தொடாமலே நாட்ச் ஓயாது கட்டளையிட்டுக்கொண்டிருந்தது.