காட்டுப்பன்றிக்கும் கோட்டானுக்கும் ஒரு எம்.எஸ்சி! - கண்டாச்சிபுரம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய படிப்பு

மல்லாட்டைக் கொல்லையில் காட்டுப்பன்றிகள் இறங்கிவிட்டால், விடிவதற்குள் பல மாத உழைப்பைக் கிளறிப் போட்டுவிடும். மறுநாள் காலையில், "எத்தனை பன்றி இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் இருபது என்பார், இன்னொருவர் நூறு என்பார். இரண்டுமே வயிற்றெரிச்சலில் சொல்லும் கணக்குதான்.

அந்த எண்ணிக்கையை யார் சரியாகச் சொல்வது? 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ-க்குள் உள்ள காட்டுப்பன்றிகளைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ வரை வந்தால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ-க்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். இப்படி ஒரு முடிவு பலன் தந்ததா என்று சொல்ல, முன்பு எத்தனை இருந்தன, பின்பு எத்தனை இருக்கின்றன என்று தெரிய வேண்டும். அதைக் கண்டுபிடிக்கக் கற்றுத்தரும் படிப்புதான் விலங்குச் சூழலியல்.

விலங்கியல் வேறு, இது வேறு

பி.எஸ்சி விலங்கியலில் தவளையின் இதயத்துக்கு எத்தனை அறைகள் என்று படிக்கிறோம். சூழலியல், அந்தத் தவளை ஏரியில் எதைத் தின்கிறது, அதை எது தின்கிறது, ஏரி வற்றினால் எங்கே போகிறது என்று கேட்கிறது. விலங்கு, அதன் இடம், அதன் அக்கம்பக்கம் மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதுதான் வித்தியாசம்.

முதலில் வருவது கணக்கு. ஓர் ஏரியில் 40 ஆமைகளைப் பிடித்து, அடையாளமிட்டு விடுகிறீர்கள். சில நாள் கழித்து 50 ஆமைகளைப் பிடித்தால், அதில் 10-ல் உங்கள் அடையாளம் இருக்கிறது. அதாவது, பிடிபட்டதில் ஐந்தில் ஒரு பங்கு. அப்படியானால் நீங்கள் அடையாளமிட்ட 40-ம் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்காக இருக்க வேண்டும். மொத்தம் சுமார் 200! இடைப்பட்ட நாள்களில் ஆமைகள் வெளியே போகவில்லை, புதிதாக வரவில்லை என்றால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

புலிகளை எண்ணுவதும் இதே கணக்கின் வளர்ந்த வடிவம்தான். ஒரு புலியின் வரிகள் இன்னொன்றுக்கு இருக்காது. அதனால் கையால் பிடிக்காமல், தானியங்கி கேமராவில் விழும் படமே அடையாளமாகிவிடுகிறது. காட்டுப்பன்றிக்கு அப்படி வரிகள் இல்லை. எச்சம், குளம்புத் தடம், கேமரா படம் என்று வேறு வழிகளில் போக வேண்டும்.

கோட்டான் துப்பும் ரகசியம்

விழுப்புரம்-திருவண்ணாமலை சாலையில் போகிறவர்களுக்கு கண்டாச்சிபுரம் பக்கத்துப் பாறைக் குன்றுகள் வெறும் கல்லாகத் தெரியலாம். இதுபோன்ற குன்றுகளிலும் கைவிடப்பட்ட குவாரிகளிலும்தான் கொம்பன் ஆந்தை வாழும். ஊர்ப்பக்கம் கோட்டான் என்பார்கள். கூடு கட்டாமல், பாறைத் திட்டிலேயே முட்டையிடும்.

கோட்டான் கத்தினால் கெட்ட சகுனம் என்ற பயம் இன்னும் போகவில்லை. ஆனால், அது இரையை விழுங்கிவிட்டு, செரிக்காத எலும்பையும் முடியையும் உருண்டையாகத் துப்பும். பாறைக்கு அடியில் கிடக்கும் அந்த உருண்டைகளைப் பிரித்து, தாடை எலும்பையும் பல்லையும் வைத்து எந்த எலி என்றே சொல்லிவிடலாம். புதுச்சேரி சுற்றுவட்டாரத்தில் நடந்த ஆய்வுகளில், இந்த ஆந்தையின் உணவில் எலி இனங்களே அதிகம் என்று தெரியவந்தது. வயலில் நெல்லைத் தின்னும் எலியைப் பிடிக்கும் காவலாளி குன்றில் இருக்கிறது! குன்று போனால் வயலுக்கு என்ன ஆகும் என்பதுதான் சூழலியல் கேள்வி.

எங்கே படிக்கலாம்?

இந்தத் துறையின் முன்னோடி ஒரு தமிழர். நாங்குநேரியில் 1945-ல் பிறந்த ஏ.ஜே.டி.ஜான்சிங், சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். 1970-களில் பந்திப்பூர் காட்டில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். பிறகு டேராடூனிலுள்ள இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தில் ஒரு தலைமுறை ஆய்வாளர்களை உருவாக்கி, 2024-ல் மறைந்தார். அவர் எம்.எஸ்சி படித்தது விலங்கியல்தான். இன்று தனிப் படிப்புகளே இருக்கின்றன.

- புதுச்சேரி பல்கலைக்கழகம், காலாப்பட்டு: எம்.எஸ்சி சூழலியல் மற்றும் சுற்றுச்சூழல் அறிவியல். நம் மாவட்டத்துக்கு மிக அருகில் இருப்பது இதுதான். சேர்க்கை, க்யூட்-பிஜி நுழைவுத்தேர்வு வழியாக.
- ஏ.வி.சி. கல்லூரி, மன்னம்பந்தல், மயிலாடுதுறை: எம்.எஸ்சி காட்டுயிர் உயிரியல்.
- அரசு கலைக் கல்லூரி, உதகமண்டலம்: காட்டுயிர் உயிரியல். படிப்பும் மலையும் ஒரே இடத்தில்.
- இந்தியக் காட்டுயிர் நிறுவனம், டேராடூன்: 1988-ல் தொடங்கிய எம்.எஸ்சி. அகில இந்தியப் போட்டி.
- தேசிய உயிரி அறிவியல் மையம், பெங்களூரு: காட்டுயிர் உயிரியல் மற்றும் பாதுகாப்பு. மிகக் குறைந்த இடங்கள். எந்தப் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம்.

கடைசி இரண்டிலும் எல்லா வருடமும் சேர்க்கை நடக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"படிச்சா வேலை கிடைக்குமா?"

வீட்டில் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கேட்பதில் தப்பில்லை. பதிலை மழுப்பாமல் சொல்ல வேண்டும்.

படித்து முடித்ததும் பெரும்பாலும் கிடைப்பது ஆய்வுத் திட்ட வேலைகள். திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும். 'நெட்' தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்று முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. டி.என்.பி.எஸ்.சி நடத்தும் வனத்தொழில் பழகுநர் தேர்வு, இந்திய வனப்பணித் தேர்வு இரண்டும் நிரந்தர வேலைக்கான வழிகள்.

ஆசிரியராகும் எண்ணம் இருந்தால் ஓர் எச்சரிக்கை. 'காட்டுயிர் உயிரியல்' என்ற பட்டம், 'விலங்கியல்' பட்டத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்பதைச் சேரும் முன்பே கல்லூரியில் கேட்டு, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். முதுநிலை ஆசிரியர் தேர்வு எழுதும்போது கேட்டால் காலம் கடந்துவிடும்.

பெண் பிள்ளையைக் காட்டுக்கு அனுப்புவதா என்ற தயக்கமும் உண்டு. களப்பணியில் உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போவதுதான் வழக்கம். தங்குமிடம், துணை, வனத்துறை அனுமதி மூன்றையும் துறைத் தலைவரிடம் நேரடியாகக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு இருக்கிறது.

ஏரிக்கரையிலேயே தொடங்கலாம்

நம் மாவட்டத்தின் மரக்காணம் பகுதியிலுள்ள கழுவேலி, 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-ல் ராம்சார் தகுதியும் பெற்றது. அங்கே வரும் பறவைகளை ஆண்டுதோறும் எண்ண ஆள் வேண்டும். அந்தப் பறவைகளின் பெயரையும் பயிரின் பருவத்தையும் வயலில் வளர்ந்த பிள்ளை புத்தகம் திறக்கும் முன்பே அறிந்திருக்கும். புள்ளியியலும் ஆங்கிலமும் பழகினால் வந்துவிடும். புள்ளியியலுக்கான 'ஆர்' மென்பொருளும் வரைபடத்துக்கான 'கியூ-ஜிஐஎஸ்' மென்பொருளும் இலவசம்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் நான்கு நாள்கள் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பட்டம் தேவையில்லை, வயது வரம்பும் இல்லை. உங்கள் ஊர் ஏரிக்கரையில் 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி, 'இ-பேர்ட்' செயலியில் பதிவு செய்தால் போதும். அந்தக் கால் மணி நேரம் போவதே தெரியாத பிள்ளை வீட்டில் இருந்தால், இந்தப் படிப்பைப் பற்றிப் பேச்சை ஆரம்பித்துவிடலாம்.