உங்களுக்குத் தெரியுமா? பழைய மோட்டார் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு இப்போது நல்ல கிராக்கி. தாத்தா ஓட்டிய ஹோண்டா கப், அப்பா ஓட்டிய ஆர்எக்ஸ்-இசட், தோட்டத்துக் கிராணி வைத்திருந்த பிஎஸ்ஏ என்று ஆளுக்கு ஓர் ஆசை. வாங்கப் போகிறவர்களில் பலர் பெயின்டின் பளபளப்பைப் பார்த்தே விலையை முடித்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டிய வரிசை வேறு: கிராண்ட் (வண்டியின் பதிவுச் சான்றிதழ்) முதலில், சேசிஸிலும் இன்ஜினிலும் உள்ள எண்கள் அடுத்து, இன்ஜின் மூன்றாவது, பெயின்ட் கடைசி. ஏன் என்பதைக் கீழே துண்டு துண்டாகப் படியுங்கள்.

'டபிள்யூ' எண்ணுக்கு ஒரு பிறந்த தேதி உண்டு

கோலாலம்பூர் 1974 பிப்ரவரி 1 அன்று கூட்டரசுப் பிரதேசம் ஆனது. அதுவரை அது சிலாங்கூரின் பகுதி. பிரிக்ஃபீல்ட்ஸில் ஓடிய வண்டிக்கும் கிள்ளானில் ஓடிய வண்டிக்கும் சிலாங்கூரின் 'பி' எழுத்துதான். 'டபிள்யூ' எண்கள் அந்த மாற்றத்துக்குப் பிறகு வந்தவை. ஆகவே, "1965 மாடல், கோலாலம்பூரிலேயே வாங்கியது, முதல் உரிமையாளர்" என்று ஒருவர் சொல்லி, எண் பலகை 'டபிள்யூ'வில் தொடங்கினால், கதையில் ஓர் ஓட்டை இருக்கிறது. பிற்பாடு பதிவு செய்திருக்கலாம், எண்ணை மாற்றியிருக்கலாம். இரண்டும் குற்றமல்ல. ஆனால் எப்போது, ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே விலை பேச வேண்டும்.

இறந்தவர் பெயரில் உள்ள வண்டியைப் பேரன் விற்க முடியாது

நம் குடும்பங்களில் அதிகம் நடப்பது இது. தாத்தா காலமாகி இருபது வருடம் ஆகியிருக்கும். வண்டி வீட்டுப் பின்புறம் நிற்கும், கிராண்டில் தாத்தா பெயரே இருக்கும். சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் பெயர் மாற்ற விற்பவரின் ஒப்புதல் வேண்டும். அவர் உயிரோடு இல்லையென்றால், அரசு அறங்காவலர் நிறுவனமான அமானா ராயாவின் கடிதம், நீதிமன்றத்தின் நிர்வாக உரிமைக் கடிதம் போன்ற ஆவணம் இருந்தால்தான் பெயர் மாறும். வாரிசுகள் பலர் என்றால் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். "காசு கொடுங்கண்ணே, பேப்பர் வேலையைப் பிறகு பார்த்துக்கலாம்" என்று சொன்னால், முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். பேப்பர் வேலை முடிந்த பிறகுதான் அது விற்பனைக்கு வந்த வண்டி.

ஒரு பென்சிலும் ஒரு மெல்லிய தாளும் ஆயிரக்கணக்கான ரிங்கிட்டைக் காப்பாற்றும்

சேசிஸில் எண் வெட்டிய இடத்தை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். மேலே தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேயுங்கள். எண்கள் தாளில் வெள்ளையாக எழும்பும். தொழிற்சாலை வெட்டிய எண்கள் ஒரே அச்சில், ஏறக்குறைய ஒரே ஆழத்தில் இருக்கும். ஓர் எண் மட்டும் ஆழமாக விழுந்திருந்தாலோ, எண்ணுக்குப் பின்னால் அரத்தின் குறுக்குக் கோடுகள் தெரிந்தாலோ, சுற்றியுள்ள இரும்பு அந்த இடத்தில் மட்டும் பள்ளமாக இருந்தாலோ, யாரோ கை வைத்திருக்கிறார்கள். திருட்டு வண்டிக்குச் செத்த வண்டியின் எண்ணைப் போட்டு ஓட்டும் 'குளோன்' வேலை இந்த நாட்டில் புதிதல்ல. அப்படிப்பட்ட வண்டியைப் போலீஸ் பறிமுதல் செய்தால், நல்லெண்ணத்தில் வாங்கியவருக்கு வண்டியும் போகும், பணமும் போகும்.

இன்ஜின் மாறியிருந்தால் கிராண்டிலும் மாறியிருக்க வேண்டும்

முப்பது, நாற்பது வருடம் ஓடிய வண்டியில் இன்ஜின் மாறுவது சகஜம். மாற்றியதை ஜேபிஜேயில் பதிந்திருக்கிறார்களா என்பதே கேள்வி. நிறம் மாற்றியதற்கும் இதே விதி. பதியாத இன்ஜினோடு இருக்கும் வண்டி பெயர் மாற்றத்தின்போது மாட்டிக்கொள்ளும். சேகரிப்பவர்கள் கண்ணிலும் அதன் மதிப்பு இறங்கும், ஏனென்றால் பிறந்தபோது இருந்த இன்ஜினோடு இருக்கும் வண்டிக்குத்தான் முழு விலை.

டிரையம்ஃப் தன் பிறந்த மாதத்தையே உடம்பில் எழுதி வைத்திருக்கிறது

1969 மாடலில் தொடங்கி, டிரையம்ஃப், பிஎஸ்ஏ வண்டிகளின் எண்ணுக்கு முன்னால் இரண்டு எழுத்துகள் வரும். முதல் எழுத்து மாதம், இரண்டாவது மாடல் ஆண்டு. 'ஏ' ஜனவரி, 'சி' 1969, 'டி' 1970. அதனால் 'ஏ', 'டி' என்று தொடங்கும் வண்டி 1970 ஜனவரியில் கட்டப்பட்டது. தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போது சேசிஸிலும் இன்ஜினிலும் ஒரே எண் இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் நல்ல விலை கேட்பது நியாயம். ஒத்துப்போகாவிட்டால் அது இரண்டு வண்டிகளின் சேர்க்கை. ஓட்ட நன்றாக இருக்கலாம், விலை மட்டும் ஒட்டு வண்டியின் விலையாக இருக்க வேண்டும்.

2021 டிசம்பர் வெள்ளம் இன்னும் சில வண்டிகளுக்குள் இருக்கிறது

அந்த டிசம்பர் 17இல் தொடங்கிய மழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவும் கிள்ளானின் பல பகுதிகளும் மூழ்கின. காரைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். மூழ்கிய மோட்டார்களைப் பற்றிப் பேசியவர் குறைவு. கழுவிப் பெயின்ட் அடித்தால் வெளியே ஒன்றும் தெரியாது. ஹெட்லைட் கண்ணாடியைக் கழற்றி, கிண்ணம் போன்ற அந்தக் கூட்டின் அடியில் விரல் விட்டுப் பாருங்கள். நெருநெருவென்று மாவு போலச் சேறு ஒட்டினால், தண்ணீர் அந்த உயரம் வரை ஏறியிருக்கிறது. வயர்களை இணைக்கும் இடத்தில் பச்சை பூத்திருக்கிறதா, சீட்டுக்கு அடியில் துருவின் கோடு ஒரே மட்டத்தில் ஓடுகிறதா, இன்ஜின் எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும், வயரிங், பேரிங், இன்ஜின் மூன்றையும் பிரிக்கும் செலவை விலையில் கழித்தே பேச வேண்டும்.

அதிகமாகச் செய்த வண்டிக்கும் அதிக விலை வரும்

ஹோண்டா சூப்பர் கப் 1958இல் வந்தது. மலாயாவில் அதைப் பரப்பியவர் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ. அவர் பெயரை ஒட்டி 'பூன் சியூ ஹோண்டா' என்றே மக்கள் சொன்னார்கள். 2017 அக்டோபரில் உலகெங்கும் அந்த வரிசையின் உற்பத்தி 10 கோடியைத் தொட்டது. இத்தனை கோடி இருந்தும் பழைய கப்புக்கு ஏன் விலை? பெரும்பாலானவை உழைத்து உழைத்தே தேய்ந்துபோனவை. பால் மரம் வெட்டப் போனவரையும் மீன் விற்றவரையும் சுமந்த வண்டிகள். அசல் மட்கார்டு, அசல் முன் கவசம், அசல் சீட்டோடு மிஞ்சியவை கொஞ்சமே. இயந்திரத்துக்கு உதிரிப் பாகம் எளிதில் கிடைக்கும். பிளாஸ்டிக், தகர உறுப்புகளின் அசல்தான் கிடைக்காது. விலையை நிர்ணயிப்பவை அவையே.

ஆர்எக்ஸ்-இசட்டின் பிஸ்டனில் அதன் வரலாறு இருக்கிறது

யமஹா ஆர்எக்ஸ்-இசட் 1985இல் மலேசியாவில் அறிமுகமாகி 2011இல் நின்ற டூ ஸ்ட்ரோக் வண்டி. 135 சிசி வகை. இப்போது அதன் விலை பல புதிய வண்டிகளை எட்டிவிட்டது. ஆனால் இந்த வண்டி இளவட்டங்கள் கையில் பந்தயம் ஓடியது. சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவதும், உள்வழிகளை அரத்தால் விரிப்பதும் அப்போது வழக்கம். சிலிண்டர் தலையைக் கழற்றச் சம்மதிப்பவரிடம் வாங்குங்கள். பிஸ்டன் தலையில் 50, 75, 100 என்று எண் இருந்தால் அது மில்லிமீட்டரில் நூறில் எத்தனை பங்கு பெரிதாக்கியிருக்கிறது என்பதைச் சொல்லும். 100 என்றால் மேலும் குடைய இடம் குறைவு. புது சிலிண்டரோ ஸ்லீவோ தேவைப்படலாம்.

புல்லட்டுக்கு இரண்டு ஊர், இரண்டு விலை

ராயல் என்ஃபீல்டு புல்லட் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் அதனோடு கூட்டுச் சேர்ந்து, சென்னை திருவொற்றியூரில் புல்லட்டைக் கட்டத் தொடங்கியது. இங்கிலாந்தில் என்ஃபீல்டு உற்பத்தி 1970இல் அடியோடு நின்றது. திருவொற்றியூர் நிற்கவில்லை, 1977இல் பிறந்த நாட்டுக்கே ஏற்றுமதி செய்தது. நம் ஊர்க் கைகள் உயிரோடு வைத்த வண்டி என்ற பெருமை நமக்கு உண்டு. வாங்கும்போது மட்டும் கவனம்: இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். ரெட்டிச் வண்டி அரிது, விலை அதிகம். மெட்ராஸ் வண்டிக்கு ரெட்டிச் முத்திரையை ஒட்டுவது சில நிமிட வேலை. முத்திரையை நம்பாமல் எண்ணைப் பாருங்கள்.

ஒரே ஜெர்மன் வண்டி, பல நாட்டுப் பெயர்கள்

போருக்கு முன் ஜெர்மனியில் வந்த டிகேடபிள்யூ ஆர்டி 125 வண்டியின் வரைபடம் போர் இழப்பீடாகக் கைமாறியது. அதிலிருந்து 1948இல் பிரிட்டனின் பிஎஸ்ஏ பேன்டம் பிறந்தது. 1955இல் யமஹாவின் முதல் வண்டி ஒய்ஏ-1 வந்ததும் அதே மாதிரியில்தான். மூன்றும் சிறிய, எளிய டூ ஸ்ட்ரோக். இன்று சேகரிப்பவர்கள் கேட்கும் விலை மூன்றுக்கும் வேறு வேறு. பெயருக்கும் அரிதான தன்மைக்கும் கொடுக்கும் பணம் எவ்வளவு, இயந்திரத்துக்குக் கொடுப்பது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் ஏமாற மாட்டார்.

பிரிட்டிஷ் வண்டிக்குத் தனிச் சாவி வேண்டும்

பழைய பிஎஸ்ஏ, டிரையம்ஃப், நார்ட்டன் வண்டிகளின் நட்டுகளில் பல, விட்வொர்த் முதலிய பழைய பிரிட்டிஷ் அளவுகளில் இருக்கும். மில்லிமீட்டர் சாவி சரியாகப் பிடிக்காது. வலிந்து திருப்பினால் நட்டின் முனைகள் உருண்டுவிடும். நட்டுகளின் முனையைப் பாருங்கள். கூராக இருந்தால் வேலை தெரிந்த போமன் (மெக்கானிக்) கை பட்ட வண்டி. எல்லாம் உருண்டிருந்தால், உள்ளேயும் அப்படித்தான் வேலை நடந்திருக்கும்.

பகலில் விளக்கு எரிய வேண்டும் என்ற விதி 1992இல் வந்தது

அதற்கு முன் செய்த பல வண்டிகள் 6 வோல்ட் மின்சாரத்தில் ஓடுபவை. நாள் முழுக்க ஹெட்லைட் எரிக்க வடிவமைக்கப்பட்டவை அல்ல. சட்டப்படி விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டினால் பேட்டரி சீக்கிரம் இறங்கும். 12 வோல்ட்டுக்கு மாற்றிய வண்டி தினமும் ஓட்ட வசதி, மாற்றாத வண்டி காட்சிக்கு மதிப்பு. எதற்காக வாங்குகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் பாதையில் தினமும் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போக நினைப்பவருக்கு, சிறிய டிரம் பிரேக்கும் மங்கிய விளக்கும் கொண்ட 1960களின் வண்டி ஏற்றதல்ல.

புதுப்பிக்காத வண்டிதான் உலக ஏலத்தில் சாதனை படைத்தது

2018 ஜனவரியில் லாஸ் வேகாஸில் ஒரு 1951 வின்சென்ட் பிளாக் லைட்னிங் 9,29,000 அமெரிக்க டாலருக்குப் போனது. ஆஸ்திரேலியாவில் பந்தயம் ஓடி வேகச் சாதனை படைத்த அதே வண்டி. அதன் வரலாறு காகிதத்தில் இருந்தது, அதன் உடம்பு கலையாமல் இருந்தது. பெயின்ட் உரிந்திருந்தாலும் அசல் பெயின்ட் என்றால் அதைச் சுரண்டாதீர்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம். அசலாக இருப்பது ஒரே ஒரு முறைதான்.

7,414 என்ற எண்ணுக்குத் தனி விலை

ஹோண்டா சிபி 750 1969இல் வந்தபோது, முதல் 7,414 வண்டிகளின் இன்ஜின் கூடு மணல் அச்சு வார்ப்பு போன்ற சொரசொரப்போடு இருந்தது. பிறகு வழவழப்பான அச்சுக்கு மாறினார்கள். ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனாலும் முந்தியதற்கு விலை பல மடங்கு. எந்த மாடல் என்று மட்டும் கேட்காமல், அந்த மாடலில் எத்தனையாவது வண்டி என்றும் கேளுங்கள்.

காந்தமும் டயரும் பொய் சொல்லாது

சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, வெஸ்பாவின் கால் வைக்கும் தளத்திலும் பின் கன்னங்களிலும் நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, புட்டிதான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் பாருங்கள். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். மூன்றே இலக்கம் என்றால் அது 2000க்கு முந்திய டயர். அந்த டயரில் ஒரு தெரு தூரம்கூட ஓட்டிப் பார்க்காதீர்கள்.

இன்ஜின் சூடாக இருந்தால் காத்திருங்கள்

நீங்கள் வருவதற்குள் வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகாத குறையை மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடென்றால் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி நீலப் புகை விட்டால் எண்ணெய் எரிகிறது. கறுப்புப் புகை கார்புரேட்டர் கோளாறு, செலவு குறைவு.

சில வேளை வண்டியைவிட எண் பலகைக்கு விலை அதிகம்

ஒற்றை எழுத்தும் குறைந்த இலக்கமும் கொண்ட பழைய எண்ணுக்காகவே ஓடாத கப்பை வாங்கி, எண்ணைக் காருக்கு மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. இதனால் விற்பவருக்கு ஒரு கணக்கு, வாங்குபவருக்கு ஒரு கணக்கு. நீங்கள் வண்டிக்காக வாங்குகிறீர்கள் என்றால், எண்ணும் வண்டியோடு வருகிறதா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறந்த எண்ணை இழந்த வண்டியின் மதிப்பு குறையும்.

கடைசியாக ஒரு கணக்கு

கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கை டயர், பிரேக், வயரிங், பேரிங் வேலைக்கு ஒதுக்குங்கள். அந்த மாடலைப் பிரித்துக் கட்டத் தெரிந்த போமனை வாங்குவதற்கு முன்பே தேடிப் பிடித்து, அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்தாலும் லாபம் உங்களுக்கே. விற்பவரோடு ஜேபிஜே கவுண்டருக்கு நேரில் போய், வண்டியின் நிலை, சம்மன், பெயர் மாற்றம் மூன்றும் சுத்தம் என்று தெரிந்த பிறகு மட்டுமே பணத்தை எண்ணிக் கொடுங்கள். "இன்னொருவர் இப்போதே வாங்க வருகிறார்" என்று அவசரப்படுத்தினால் அவருக்கே விட்டுவிடுங்கள். கிராண்ட் சரியாக உள்ள வண்டி வேறொன்று கிடைக்கும். பறிமுதலான வண்டிக்குக் கொடுத்த பணம் திரும்பாது.