மலைச்சரிவின் நீரும் போடி நிலமும்

பெரியாற்று நீர் கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளைவிக்கிறதே, அடுத்திருக்கும் போடிநாயக்கனூருக்கு அது ஏன் தாராளமாக எட்டுவதில்லை என்று அங்கத்தினர்கள் வினவுவதுண்டு. நியாயமான கேள்வியே. விடை நில அமைப்பில் இருக்கிறது.

ஏலமலையின் முகடு நீரைப் பிரிக்கும் வரம்பாகும். அதன் மேற்கே தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கிறது. கிழக்கே போடி மழை மறைவில் கிடக்கிறது. மேற்கே ஓடிய பெரியாற்றைப் பென்னிகுயிக் 1887 முதல் 1895 வரை அணை எழுப்பித் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். அந்நீர் கூடலூர், கம்பம், உத்தமபாளையம் வழியே சென்று, 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையில் தங்கி, மதுரைப் பக்கம் போகிறது. போடியோ அப்பாதைக்கு வடக்கே ஒதுங்கியுள்ளது. மலையடிவாரத்தையொட்டி வரும் பதினெட்டாம் கால்வாய் இக்குறையை ஓரளவு போக்குகிறது. எனினும் அணையில் போதிய நீர் நின்றாலன்றி அதைத் திறப்பதில்லை. முல்லைப் பெரியாற்றின் நீர்மட்டம் 1979-இல் 136 அடியாகக் குறைக்கப்பட்டதையும், 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்க அனுமதித்ததையும் வெறும் வழக்குச் செய்தியாக நாம் கருதலாகாது. அந்த ஆறு அடி நம் கடைமடைக் கண்மாய்களைத் தொடும் விஷயம்.

ஆகவே போடிக்குச் சொந்த நீர் கொட்டகுடி ஆறே. குரங்கணிப் பக்கத்துச் சரிவுகளில் பிறந்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் அது பெருகுகிறது. பிறகு எத்தனை நாள் ஓடும் என்பது சரிவின் மரங்களைப் பொறுத்தது. ஏலச்செடி நிழலில் வாழ்வது. நிழல்மரமும் சருகும் உள்ள நிலத்தில் மழைநீர் மெல்ல ஊறி, மழை நின்ற பின்னும் ஊற்றாய்க் கசியும். மரம் வெட்டிய சரிவிலோ அதே மழை மண்ணையும் வாரிக்கொண்டு விரைந்தோடும். அம்மண் வந்து படிவது நம் கண்மாயில். மேலே நிழல்மரம் கழிப்பவரும் கீழே தென்னை வைப்பவரும் சில வேளை ஒருவரே அல்லவா!

நெசவாளர்கள் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நூல் அலசவும் சாயமேற்றவும் உதவும் கிணறுகள் ஊறுவது கண்மாய்க் கசிவினால்தான்.

மாசி முதல் சித்திரை வரை ஏலத்தோட்டத்திற்கும் நீர் வேண்டும். அதற்காக ஓடையில் மோட்டார் வைத்து இறைப்பதினும், மழைக்காலத்திலேயே படுதா விரித்த குட்டையில் தேக்கிச் சொட்டுநீராக விடுவது மேல். கீழேயுள்ளோருக்குக் குடிமராமத்து உண்டு. 2017-இல் அரசு அதற்குப் புத்துயிரளித்து, பாசனம் பெறுவோரையே வேலையில் சேர்த்தது. வண்டல் எடுக்க ஏற்ற காலம் கண்மாய் வற்றிய கோடை. ஆனால் வரத்துக் கால்வாயை முதலில் தூர்வார வேண்டும். அதை விட்டுவிட்டுக் கண்மாயை மட்டும் தோண்டினால் குழி ஆழமாகுமேயன்றி நீர் வந்து சேராது.